ஆடணும்லா: சத்தம் போடும் பொம்மைகளைத் தேடி ஒரு சுற்று

வெள்ளி, அம்பாசமுத்திரம்

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் ஏறினால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி தாண்டி அம்பாசமுத்திரம். ஒரு பக்கம் வயல், பின்னால் மலை. கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அப்பளம் வாங்கலாமா என்று ஒரு சபலம் வந்தது. திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இந்தச் சுற்று முழுக்க சத்தம் போடும் பொம்மைகளுக்காக. பேட்டரி போட்டால் பாடுகிற சமாச்சாரம் கிடையாது. கையால் ஆட்டி, இழுத்து, ஊதி, சுழற்றிச் சத்தம் எழுப்புகிற பழைய வகை. அது எப்படிச் சத்தம் போடுகிறது, செய்தவர் எந்த இடத்தில் என்ன யோசித்திருக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆசை. அந்தந்த நாள் இரவே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு சாமான் தென்மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உரல், உலக்கை, அம்மி, ஆட்டுக்கல், குடம் என்று ஓர் அடுக்களையே ஓலைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். மஞ்சக்கடம்பு, தேக்கு மாதிரி மரங்களைக் கடைந்து செய்வது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நேராக நடைவண்டி எங்கே செய்கிறார்கள் என்று விசாரித்துப் போனேன்.

கடைசல் பட்டறை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. தகரக் கூரை, மோட்டார் பூட்டிய இரண்டு கடைசல் இயந்திரம், முழங்கால் அளவுக்கு மரச்சுருள். நான் போனபோது பெரியவர் ஒருவர் நடைவண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். அச்சை விடச் சக்கரத்தின் துளை கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக இருந்தது. மாட்டியபின் விரலால் தட்டினார். சக்கரம் பக்கவாட்டில் கடகடவென்று ஆடியது.

"அண்ணாச்சி, இவ்வளவு லூசா இருக்கே?"

"ஆடணும்லா தம்பி. ஆடலன்னா சத்தம் எங்கேருந்து வரும்?"

நாற்காலியின் கால் இப்படி ஆடினால் தச்சனைத் திட்டுவோம். நடைவண்டியில் அந்த ஆட்டம்தான் சரக்கு. அதற்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார். தீப்பெட்டி அட்டையைக் கிழித்து மடித்து அச்சுக்கும் துளைக்கும் நடுவில் செருகிப் பார்க்கிறார். ஒற்றை அட்டை இறுக்கமாகப் போனால், மழைக்காலத்தில் மரம் ஊதிச் சக்கரம் சிக்கிக்கொள்ளும். இரண்டு மடிப்பு தாராளமாகப் போனால், அச்சு துளையைத் தின்று கொஞ்ச நாளில் வண்டி கோணிக்கொள்ளும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நிற்க வேண்டும். இதையெல்லாம் அளவுகோலில் குறித்து வைத்திருக்கிறாரா என்றால் இல்லை. அட்டைதான் அளவுகோல்.

இன்னொரு வகை நடைவண்டியும் அங்கே இருந்தது. முன்சக்கரத்தின் பக்கத்தில் நான்கு மரமுளைகள். வண்டி உருளும்போது ஒவ்வொரு முளையும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் பட்டையைத் தூக்கிவிடும். பட்டை திரும்பி வந்து சட்டத்தில் அறையும். டக். சக்கரத்தின் குறுக்களவு பத்து சென்டிமீட்டர் போல இருக்கும். அப்படியானால் ஒரு முழுச் சுற்றுக்கு முப்பத்தொரு சென்டிமீட்டர் நகரும். எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு டக். நடை பழகும் குழந்தை ஒரு அடி வைத்தால் இரண்டு டக், துணிந்து எட்டிக் கால் வைத்தால் மூன்று. முளையைக் கூட்டினால் என்ன என்று கேட்டேன். எட்டு முளை வைத்துப் பார்த்திருக்கிறாராம். அது கரகரவென்று ஒரே இரைச்சலாகிவிட்டதாம். "பிள்ள நடந்தா சத்தம் வரணும், நின்னா நிக்கணும். அது அதுக்குத் தெரியணும்லா" என்றார். தன் கால்தான் இந்தச் சத்தத்தைக் கிளப்புகிறது என்று ஒரு வயதுக் குழந்தைக்குப் புரிய வேண்டுமானால், சத்தத்துக்கும் சத்தத்துக்கும் நடுவில் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும்.

அடுக்களையில் இருக்கும் அம்மாவுக்கும் இது வசதி. டக் டக் கேட்கிறவரை பிள்ளை நடந்துகொண்டிருக்கிறது. நின்றுவிட்டால்தான் எட்டிப்பார்க்க வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு கிலுகிலுப்பை கடைந்து காட்டச் சொன்னேன். ஒரே கட்டையில் கைப்பிடி, குமிழ், நடுவில் கழன்று ஓடும் மூன்று வளையங்கள். வளையங்களைத் தனியாகச் செய்து கோக்கவே முடியாது, ஏனென்றால் இரண்டு முனையும் பருத்திருக்கும். கட்டை சுழலும்போது நடுவில் மூன்று மேடு விடுகிறார். அப்புறம் முனை வளைந்த உளியால் ஒவ்வொரு மேட்டின் அடியிலும் இடப்பக்கமிருந்து கொஞ்சம், வலப்பக்கமிருந்து கொஞ்சம் குடைகிறார். இரண்டு குடைவும் உள்ளே சந்திக்கிற நொடியில் வளையம் பிடி விட்டுத் தண்டின் மேல் தொற்றிக்கொண்டு தாளம் தப்பி ஓடத் தொடங்குகிறது. அதுவரை ர்ர்ர் என்று ஒரே சுருதியில் போன உளிச் சத்தம் சட்டென்று தடதடவென்று உடையும். கண்ணை மூடிக்கொண்டிருந்தால்கூட வளையம் கழன்றது தெரிந்துவிடும்.

ஆணி இல்லை, பசை இல்லை, உள்ளே மணி இல்லை. குழந்தை வாயில் போட்டு விழுங்க இதில் எதுவும் கழலாது. நான் இந்தச் சுற்றில் பார்க்கப்போகும் எதுவும் இதைத் தாண்டுமா என்று முதல் நாளே சந்தேகம் வந்துவிட்டது.

சனி, மணப்பாடு

காலையில் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரயில். கூட்டத்தில் பாதிப் பேர் மொட்டை போடப் போகிற குடும்பங்கள். எதிர் சீட்டில் ஒரு பையன் பிளாஸ்டிக் டமாரத்தை ஆழ்வார்திருநகரி வரை விடாமல் கொட்டினான். அவன் தங்கை கேட்டபோது தரவே இல்லை.

எனக்குப் பிள்ளைத்தமிழ் ஞாபகம் வந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசி மூன்று பருவம் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பையன் பெண்பிள்ளைகளின் மணல்வீட்டைக் கலைப்பான், பறை கொட்டுவான், தேர் உருட்டுவான். பெண்பாலில் அந்த இடத்தில் அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை வரும். அதாவது வீட்டைத் தூக்குகிற சத்தமெல்லாம் இலக்கணப்படியே பையனுக்கு எழுதி வைத்தாயிற்று. எதிர் சீட்டுத் தங்கைக்கு இந்த வரலாறு தெரியாது; அவள் நுங்கு விற்றவரிடம் வாங்கிய ஓலையை வைத்து வேறு ஏதோ சத்தம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள்.

திருச்செந்தூரிலிருந்து பேருந்து. குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேடு, அதன் உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்த கடற்கரை. வெயில் ஏறும் முன் மேட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஊருக்குள் இறங்கினேன்.

ஓலைப் பின்னல் இங்கே பெண்கள் கை வேலை. பெட்டி, கூடை, தொப்பி எல்லாம் செய்கிறார்கள். கிலுகிலுப்பை வேண்டும் என்றதும் ஓர் அக்கா சிரித்துவிட்டு, "அது சின்ன வேலை, நிமிஷத்துல முடிஞ்சிரும், நீங்க பாக்கதுக்குள்ள ஓடிரும்" என்றார். மெதுவாகச் செய்யச் சொல்லிக் கெஞ்சினேன்.

குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, அரை அங்குல அகலத்துக்கு நார் நாராகக் கிழிக்கிறார். அகலம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரு நார் ஒல்லியாக இருந்தால் அந்த மூலையில் ஓட்டை விழும், கல் அதன் வழியாக எட்டிப்பார்க்கும். நார்களைக் குறுக்கும் நெடுக்கும் மடித்து எலுமிச்சம்பழம் அளவில் ஒரு சதுரப் பெட்டியாகக் கொண்டுவருகிறார். மேல் மூடி மூடும் முன் உள்ளே பருக்கைக் கற்கள். அப்புறம் மிச்ச நார்களைச் சேர்த்து முறுக்கிக் கைப்பிடி. ஓலை ஈரமாக இருக்கும்போது பின்னியதால், காயக் காய இறுகிக்கொள்ளும்.

எத்தனை கல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவர் மூன்று கல் போட்டார். நான் நிறையப் போட்டால் சத்தம் கூடுமே என்றேன். பேசாமல் இன்னொரு பெட்டி பின்னி, ஒரு கைப்பிடிக் கல்லைக் கொட்டி மூடித் தந்தார். ஆட்டினால் சொத் சொத் என்கிறது. கல்லும் கல்லும் முட்டிக்கொண்டு ஒன்றை ஒன்று அமுக்கிவிடுகின்றன. ஓலையை அடிக்க எதற்கும் இடம் இல்லை. மூன்று கல் போட்டது கலகலவென்றது. கல் சுவரிலிருந்து சுவருக்குப் பறக்க வெற்றிடம் வேண்டும். நேற்று அண்ணாச்சி அச்சில் விட்ட இடைவெளியை இந்த அக்கா பெட்டிக்குள் விடுகிறார்.

கற்களுக்குப் பதில் வேறு என்ன போடலாம் என்று இரண்டு பேரும் ஒரு மணி நேரம் விளையாடினோம். கடற்கரைச் சின்னச் சிப்பி போட்டால் சத்தம் கூர்மை, ஆனால் சிப்பி விளிம்பு உள்ளிருந்து ஓலையை அறுத்துவிடும். அரிசி மழைச் சத்தம் மாதிரி இழையும். கைக்குழந்தைக்கு இதுதான் இதம், ஆனால் எறும்பு வந்துவிடும். மஞ்சாடி விதை நன்றாக இருந்தது. குன்றிமணியைத் தொடக்கூடாது. அழகாக இருக்கிறதே என்று பழைய கிலுகிலுப்பைகளில் போடுவதுண்டு. அதன் பருப்பில் இருக்கும் ஆப்ரின் கொடிய நஞ்சு. ஓலையைக் கடித்துப் பிய்க்கிற வயதில் இருக்கும் குழந்தை விதையையும் கடிக்கும். வீட்டில் பாட்டி காலத்துக் கிலுகிலுப்பை இருந்தால் உள்ளே சிவப்பும் கறுப்புமாக ஏதாவது தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த வடிவம் மனிதனுக்குப் புதிதே இல்லை. சிந்துவெளி அகழாய்வுகளில் சுட்டமண் உருண்டைகள் கிடைத்திருக்கின்றன. உள்ளே கூடு, கூட்டுக்குள் சின்ன மண்மணிகள், மேலே சிவப்பு வட்டங்கள். நாலாயிரம் வருடத்துக்கு மேல் ஆயிற்று, யோசனை அப்படியே இருக்கிறது.

ஞாயிறு, வழியில்

இன்று முழுக்கப் பேருந்து. தூத்துக்குடி, எட்டயபுரம், அருப்புக்கோட்டை, அப்புறம் மானாமதுரை. எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நிறுத்தத்தில் பூவரச மரத்தடியில் நின்றபோது இலை ஒன்றைப் பறித்து ஊதிப் பார்த்தேன். நுனியையும் காம்பையும் கிள்ளிவிட்டு, ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். ஒரு முனையை மட்டும் விரலால் லேசாக நசுக்க வேண்டும். நசுங்கிய முனையில் இரண்டு இலை விளிம்பு உதடுபோல நெருங்கி நிற்கும். அதன் வழியாக ஊதினால் உதடுகள் மூடித் திறந்து துடிக்கும். பீ.

நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே கொறுக்கைத் தட்டை, இங்கே பூவரச இலை. முழுக்க நசுக்கினால் காற்று போகாது, நசுக்காமல் விட்டால் வெறும் உஸ். நான் ஊதுவதைப் பார்த்த நடத்துநர் தானும் ஒன்று சுருட்டி எனக்கு மேல் சத்தமாக ஊதிக் காட்டிவிட்டுத்தான் விசில் அடித்தார்.

திங்கள், மானாமதுரை

கடத்துக்குப் பேர் போன ஊர். கச்சேரியில் கேட்கும் கடத்தில் நிறைய இந்த மண். வெளியே மரப்பலகையும் உள்ளே கல்லுமாகப் பிடித்துத் தட்டித் தட்டிச் சுவரைச் சமப்படுத்துகிறார்கள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன், ஆனால் கடம் பொம்மை இல்லை. பானையும் அகலும் செய்துகொண்டிருந்த ஒரு வேளார் வீட்டில் போய், "ஐயா, ஒரு மண் ஊதல் செஞ்சு தர முடியுமா?" என்று கேட்டேன். அவர் சின்ன வயதில் திருவிழாவுக்குக் குருவி ஊதல் செய்ததாகச் சொன்னார். இப்போது யாரும் கேட்பதில்லை. கை மறந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். மறக்கவில்லை.

முதலில் இரண்டு கிண்ணம், விளிம்பை ஒட்டி ஒரு முட்டை. ஒரு பக்கம் மண்ணை இழுத்து வால். வால்தான் வாய் வைக்கிற இடம். அப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் செய்யவில்லை. டீ குடித்தோம். மண் கொஞ்சம் விறைக்கட்டும் என்றார். ஈர மண்ணில் வெட்டினால் விளிம்பு நிற்காது, முழுக்கக் காய்ந்தால் வெட்டவே முடியாது.

பதம் வந்ததும் தட்டையாகச் சீவிய மூங்கில் சிம்பு ஒன்றை வால் வழியாக உள்ளே செருகினார். காற்று போகும் பாதை அது, ஒரு தகடு அளவுக்குத்தான் கனம். குருவியின் அடிவயிற்றில் ஒரு சதுர ஜன்னல் வெட்டினார். ஜன்னலின் எதிர் விளிம்பைச் சாய்வாகச் சீவிக் கத்தி முனைபோல ஆக்கினார். சிம்பை உருவிவிட்டு ஊதினார். உஸ். மறுபடி சிம்பைச் செருகி ஒரு மயிரிழை கீழே அழுத்தினார். உஸ். ஜன்னல் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு துணுக்கு மண்ணை நகத்தால் எடுத்தார். ஊதினார். கூ.

ஊதுகிற காற்று தட்டையான நாடாவாக வந்து அந்தக் கூர் விளிம்பில் சரியாக மோத வேண்டும். மோதினால் காற்று ஒரு கணம் உள்ளே, ஒரு கணம் வெளியே என்று அலையும். வயிற்றுக்குள் இருக்கும் காற்று அதோடு சேர்ந்து அதிரும். உள்ளே இடம் பெரிதாக இருந்தால் குரல் கனக்கும், ஜன்னல் பெரிதானால் கீச்சிடும். கூடும் வாயுமுள்ள பாத்திரத்தின் இந்தக் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதி வைத்தார். வேளாருக்கு அது கட்டைவிரலில் இருக்கிறது.

அவரைக் கேட்டதில் எனக்குப் பிடித்தது வேறு. மண் காய்ந்தாலும் சூளையில் வெந்தாலும் சுருங்கும். இப்போது கூ என்றது வெந்தபின் கூவாமல் போகலாம். அதனால் காற்றுப் பாதையைக் கொஞ்சம் தாராளமாகவே விடுகிறார், சுருக்கத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி. "வெந்தப்புறம் திருத்த முடியாதுய்யா. பச்சையிலேயே நாளைக்கு எப்படி இருக்கும்னு ஊதிப் பாக்கணும்." சூளை அடுத்த வாரம்தான். என் குருவி அதுவரை அவர் வீட்டுப் பரணில்.

செவ்வாய், மதுரை

மதுரையில் பட்டறை எதுவும் தேடவில்லை. கோயிலைச் சுற்றிய வீதிகளில் மாலை நடந்தாலே போதும். தோளில் மூங்கில் கழி, கழி முழுக்கப் பொம்மை. பலூன்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பழையவற்றைத் தேடிப் பொறுக்க வேண்டும்.

முதலில் கொட்டு வண்டி. இரண்டு மண்சக்கரம், மூங்கில் பிளாச்சில் ஒரு சட்டம், சட்டத்தில் காகிதம் ஒட்டிய சின்ன மண்குடுவை, அதன் மேல் இரண்டு குச்சி. கயிறு கட்டி இழுத்தால் டடக் டடக் என்று தானே கொட்டும். அறைக்குக் கொண்டுவந்து தலைகீழாகப் பிடித்துச் சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றினேன். அச்சில் இரண்டு முளை குறுக்காகச் செருகியிருக்கிறது, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். சக்கரம் சுற்றும்போது ஒரு முளை ஒரு குச்சியின் வாலை அமுக்குகிறது. தலை மேலே எழும்புகிறது. முளை நழுவியதும் குச்சி மேளத்தில் விழுகிறது. அரைச் சுற்றுக்குப் பிறகு அடுத்த குச்சியின் முறை.

குச்சியைக் கீழே இழுப்பது என்ன என்று பார்த்தால், ஸ்பிரிங் கிடையாது. சட்டத்தின் குறுக்கே கட்டிய இரட்டை நூல். நூலுக்கு நடுவில் குச்சியைச் செருகி நாலைந்து முறுக்கு முறுக்கியிருக்கிறார்கள். முறுக்கு அவிழப் பார்க்கிற திமிறல்தான் அடி. நூல் தொய்ந்தால் குச்சியைக் கையால் இன்னும் இரண்டு முறுக்கு விட்டால் போதும், மறுபடி கொட்டும். பழுது பார்க்கக் கருவியே வேண்டாத இயந்திரம். குழந்தை ஓடினால் தாளம் விரையும், நடந்தால் தளரும். சிறுபறையையும் சிறுதேரையும் ஒரே வண்டியில் கட்டிவிட்டவன் யாரோ, கெட்டிக்காரன்.

அடுத்தது தவளை. கட்டைவிரல் அளவு மண்குடுவை, வாயில் இழுத்து ஒட்டிய காகிதம், காகிதத்தின் நடுவிலிருந்து ஒரு நூல், நூலின் மறுமுனை ஒரு குச்சியின் காடியில் வளையமாக. குச்சியைப் பிடித்துச் சுழற்றினால் குடுவை பறந்தபடி க்ராக் க்ராக் என்று கத்தும். ரகசியம் அந்தக் காடியில் பூசிய குங்கிலியத்தில். நூல் அதில் ஒட்டும், இழுபடும், பட்டென்று விடுபடும், மறுபடி ஒட்டும். ஒவ்வொரு விடுபடலும் நூல் வழியாகக் காகிதத்துக்குப் போய் ஒரு அதிர்ச்சி கொடுக்கிறது. வில்லில் பிசின் தடவி வயலின் வாசிப்பதும் இதே ஒட்டல் விடல்தான். நூல் வளையம் காடியை இறுகக் கட்டியிருந்தால் தவளை ஊமை. அது கொஞ்சம் தளர்வாகத் தொங்க வேண்டும். இந்த ஊரிலும் அதே கதை.

தகர டிக்டிக் ஒன்றும் வாங்கினேன். வளைந்த எஃகுப் பட்டையில் ஒரு சின்னக் குழி தட்டியிருப்பார்கள். விரலால் அழுத்தினால் குழி மறுபக்கம் புரளும், டிக். விட்டால் திரும்பும், டிக். நடுவில் நிற்கவே நிற்காது. 1944 ஜூனில் நார்மண்டியில் இருட்டில் குதித்த அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காண இதே டிக்டிக்கைத்தான் வைத்திருந்தார்கள். ஒரு டிக் கேள்வி, இரண்டு டிக் பதில்.

சோடா மூடி ரங்கு மட்டும் எங்கும் விற்கவில்லை. அதை யார் விற்பார்கள்? மூடியைத் தட்டி, நடுவில் இரண்டு துளை போட்டு, நூல் கோத்து, முறுக்கி இழுத்தால் விர்ர்ர். ஸ்டான்போர்டில் மனு பிரகாஷ் குழு 2017இல் இந்த விளையாட்டையே காகிதத் தட்டில் செய்து, ரத்தத்தைப் பிரிக்கும் கருவியாக்கிவிட்டது. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று, மின்சாரம் இல்லாமல்.

வியாழன், சன்னபட்டணா

நேற்று முழுக்க ரயிலும் பெங்களூரு மழையும். இன்று காலை மைசூரு போகும் ரயிலில் சன்னபட்டணா. பெங்களூரிலிருந்து அறுபது கிலோமீட்டர். நெடுஞ்சாலை ஓரத்தில் பொம்மைக்கடை வரிசை. திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார், பிறகு பாவாஸ் மியான் ஜப்பான் போய் நுணுக்கம் கற்று வந்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். புவிசார் குறியீடு வாங்கிய ஊர். கடைகளை விட்டுவிட்டுச் சந்துக்குள் போனால் பட்டறைகள். எனக்குக் கன்னடம் அரைகுறை, பட்டறைக்காரருக்குத் தமிழ் அரைகுறை. பொம்மை கையில் இருந்ததால் பாஷை அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

மரம் ஆலெ மரம் என்றார்கள். நம்மூரில் தைலம் காய்ச்சுகிற வெட்பாலைதான். தந்தம் போல வெளுப்பு, ரேகை நெருக்கம், கடைந்தால் சிலும்பாது. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துகிறார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொள்கிறது, தூரிகையே கிடையாது. பிறகு காய்ந்த தாழை ஓலையை மடித்து அதே சுழற்சியில் அழுத்தினால் பளபளப்பு. அரக்கு பூச்சியிலிருந்து வருவது. மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகப் பயன்படுகிறது. குழந்தை நக்குகிற சாமானுக்கு இதைவிட நல்ல பூச்சு தெரியவில்லை.

இங்கேயும் வளையக் கிலுகிலுப்பை செய்கிறார்கள், அம்பாசமுத்திரத்துக்கு மாறாக அரக்கை எல்லாப் பக்கமும் ஏற்றி. அழகு கூடுகிறது. ஆனால் என் காதுக்கு அம்பாசமுத்திரத்து வெற்று மரம்தான் கணீரென்றது. அரக்கு ஏறிய வளையம் கொஞ்சம் மழுங்கிப் பேசுகிறது. பட்டறைக்காரர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டையும் காதருகே மாற்றி மாற்றி ஆட்டிப் பார்த்துவிட்டு, "கலர் இல்லாம யார் வாங்குவாங்க?" என்றார். வியாபாரத்தில் அவர் சொல்வதுதான் நடக்கும்.

பல்சக்கரக் கரகரப்பான்தான் இங்கே என்னை நெடுநேரம் உட்காரவைத்தது. கைப்பிடியோடு ஒட்டிய பல்சக்கரம் சுற்றாது. அதைச் சுற்றி ஒரு சட்டம் சுழலும். சட்டத்தில் பொருத்திய மர நாக்கு பல்லுக்குப் பல் தாவி அறையும். நாக்கு கனமாக இருந்தால் சிறு கையால் சுற்றவே முடியாது. மெலிந்தால் சத்தம் சவசவ, நுனியும் சீக்கிரம் உடையும். அவர் நாக்கை அடிப்பக்கம் கனமாக விட்டு நுனியை மட்டும் சீவுகிறார். மூன்று வயதுக்கு ஒன்று, ஏழு வயதுக்கு ஒன்று என்று இரண்டு கனம் வைத்திருக்கிறார். எவ்வளவு சத்தம் என்பதைக் குழந்தையின் மணிக்கட்டு வலுவே முடிவு செய்துவிடுகிறது. இந்தக் கரகரப்பானின் பெரிய அண்ணனை இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் விஷவாயு எச்சரிக்கைக்கு வைத்திருந்தார்கள். மறுபடியும் போர், பொம்மைக்கும் போருக்கும் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல்.

கைக்குழந்தைக்கான மணிக் கிலுகிலுப்பையில் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டுகிறார்கள். அந்த ஒட்டு விட்டால் உள்ளே இருக்கும் மணிகள் வெளியே. 2021 ஜனவரி முதல் நாட்டில் விற்கும் பொம்மைக்கு ஐ.எஸ். 9873 என்ற இந்தியத் தரச்சான்று கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீட்டுப் பொருள்களுக்கும் விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் பட்டறையில் ஒரு சோதனைக் குழாய் தொங்கியது. 31.7 மில்லிமீட்டர் வாய் உள்ள உருளை. இதற்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் தொண்டையில் சிக்கலாம் என்று கணக்கு. ஏற்றுமதிக்காரர் கொடுத்துவிட்டுப் போனதாம்.

நான் பையிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாக அதில் போட்டுப் பார்த்தேன். கொட்டு வண்டியின் குச்சியும் தவளையின் குடுவையும் உள்ளே விழுந்தன. இரண்டும் பெரிய பிள்ளைக்குத்தான். மணப்பாட்டு ஓலைப் பெட்டி விளிம்பில் தட்டி நின்றது, ஆனால் அதன் கல் விழும். அம்பாசமுத்திரத்து வளையக் கிலுகிலுப்பை வாயில் குறுக்கே உட்கார்ந்துகொண்டது. பட்டறைக்காரர் அதை எடுத்து, வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே நகத்தை விட்டுப் பார்த்தார். பிறகு தன் வளையத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். மோட்டாரைப் போட்டு ஒரு கட்டையை மாட்டினார். இந்த முறை வளையத்தின் உள்பக்கத்தில் அரக்கு ஏற்றவில்லை.

விசாகப்பட்டினம் பக்கம் ஏட்டிகொப்பாகாவிலும் இதே மரத்தைத்தான் கடைகிறார்கள், சாயம் மட்டும் முழுக்கச் செடிகொடியிலிருந்து. அங்கே போக வேண்டும். மழை முடியட்டும். ஈரக்காற்றில் எந்த மரப் பொம்மையின் சத்தத்தையும் எடை போட முடியாது.